காருக்கு ரொக்கமா, தவணையா? மஞ்சப்பையோடு போன உப்பள அண்ணாச்சி!

மஞ்சப்பை நிறையப் பணம். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கார் ஷோரூம் வாசலில் நிற்கிறார் ஒரு அண்ணாச்சி. பக்கத்தில் அவர் சம்சாரம். அவர்களுக்குப் பின்னால் துணைக்குப் போன ஒரு பத்திரிகைக்காரன். வேறு யாருமில்லை, நான்தான்.

அண்ணாச்சி எங்கள் தெருக்காரர். முள்ளக்காடு பக்கம் கொஞ்சம் உப்பளம் வைத்திருக்கிறார். இருபது வருஷமாக மொபட்டிலேயே காலம் தள்ளியவருக்கு இப்போது கார் ஆசை. "தம்பி, நீ கோர்ட்டு, ஸ்டேஷன்னு அலையுதவன். கூட வா. இல்லாட்டி என்னைய ஏமாத்திப்புடுவானுவ" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊரில் இப்போது எங்கு பார்த்தாலும் கார் பேச்சுதான். காரணம் இருக்கிறது. சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டு 4-ந் தேதி திறக்கப்பட்டது. உப்பும் மீனும் ஏற்றி அனுப்பிய ஊரிலேயே கார் தயாராகிறது! ஆனால் அடுத்த மாதம் விற்பனைக்கு வந்தபோது சின்னதின் விலையே 16 லட்சத்து 49 ஆயிரத்தில் ஆரம்பம். அண்ணாச்சி பட்ஜெட்டுக்கு அது எட்டாது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சின்ன பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததே, அதை நம்பித்தான் இவர் கிளம்பினார்.

ஷோரூமில் டை கட்டிய பையன் ஓடி வந்தான். காபி வந்தது. ஏ.சி. காற்று ஜில்லென்று அடித்தது. கார் விலை 6 லட்சத்து 60 ஆயிரம் என்றான். அண்ணாச்சி பையைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். அப்புறம்தான் ஒவ்வொன்றாக இறங்கியது. 2023 நவம்பரில் கூட்டின கணக்குப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதாவது 85 ஆயிரத்து 800 ரூபாய். பிறகு மூணு வருஷத்து தேர்ட் பார்ட்டியோடு இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், பாஸ்டேக். எல்லாம் சேர்ந்து 8 லட்சத்தைத் தொட்டது.

"சரி, எண்ணிக்கோ" என்று அண்ணாச்சி பையை மேசை மேல் வைத்தார்.

பையன் பாம்பைப் பார்த்தவன் மாதிரி பின்வாங்கினான்!

நோட்டுக்கட்டு செல்லாது

விஷயம் இதுதான். 2 லட்சமோ அதற்கு மேலோ ஒரு வியாபாரத்துக்கு நோட்டாக வாங்கக்கூடாது என்று 2017 ஏப்ரல் 1-ந் தேதி முதல் வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கினவருக்கு அபராதம், அதுவும் வாங்கின தொகை அத்தனையும். 8 லட்சம் வாங்கினால் 8 லட்சம் தண்டம். எந்த டீலர் வாங்குவான்? இன்று 'ரொக்கம்' என்றால் செக், டி.டி., ஆர்.டி.ஜி.எஸ். அவ்வளவுதான். பாங்கில் இருந்து எடுத்த பணத்தை அண்ணாச்சி திரும்ப அதே பாங்கில் கட்டினதுதான் மிச்சம். (10 லட்சத்துக்கு மேல் விலை உள்ள கார் என்றால் டீலர் 1 சதவீதம் வருமான வரியும் சேர்த்துப் பிடிப்பார். 2016 ஜூனில் இருந்து இந்த வழக்கம். அது போன பணம் இல்லை, கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.)

அந்தக் காலத்தில் ரொக்கக்காரருக்குத் தனி மரியாதை. தள்ளுபடி கேட்டால் கிடைக்கும். இப்போது நிலைமை தலைகீழ். கடன் பிடித்துக் கொடுத்தால் டீலருக்குக் கமிஷன் வருகிறது. ரொக்கக்காரரால் அவருக்கு அந்த வரும்படி இல்லை. அதனால்தான் உள்ளே போனதும் முதல் கேள்வி, "சார், லோனா கேஷா?" இதற்கு உடனே பதில் சொல்லக்கூடாது. முதலில் விலையை, தள்ளுபடியைப் பேசி எழுத்தில் வாங்கிவிட்டு அப்புறம் சொல்ல வேண்டும். அண்ணாச்சி பையைத் தட்டிக்காட்டினதிலேயே அந்தக் காய் விழுந்துவிட்டது.

பையன் போட்ட கணக்கு

பையன் லேசுப்பட்டவன் அல்ல. கால்குலேட்டரை எடுத்தான்.

"சார், 8 லட்சத்தை நீங்க பாங்குல பிக்சட்ல போடுங்க. ஆறரை சதவீதம்னு வச்சாலும் அஞ்சு வருஷத்துல 11 லட்சத்து 4 ஆயிரம் ஆயிரும். வட்டி மட்டும் 3 லட்சத்து 4 ஆயிரம். காருக்கு எங்ககிட்ட லோன் போடுங்க. 9 சதவீதம், அஞ்சு வருஷம், மாசம் 16 ஆயிரத்து 607. மொத்த வட்டியே 1 லட்சத்து 96 ஆயிரந்தான். கடன் வாங்கினா உங்களுக்கு 1 லட்சம் லாபம் சார்!"

அண்ணாச்சி வாயடைத்துப் போனார். எனக்கும் தலை சுற்றியது. கணக்கில் ஒரு எண்கூடத் தப்பில்லை. வீட்டுக்கு வந்து நானே ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அச்சுப் பிசகாமல் அதேதான் வருகிறது. அதெப்படி 9 சதவீதத்துக்கு வாங்கி ஆறரைக்குப் போட்டால் லாபம் வரும்?

முடிச்சை அவிழ்த்தது மதினிதான். அடுப்படியில் இருந்தபடியே கேட்டார்.

"பிக்சட்ல கிடக்க பணத்தை அஞ்சு வருஷத்துக்குத் தொடக்கூடாது. அப்ப மாசாமாசம் அந்தப் பதினாறாயிரம் எங்கருந்து வரும்? ஆகாசத்துல இருந்தா?"

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! அந்தத் தவணையைக் கட்டக் கையில் வேறு வருமானம் வேண்டும். அப்படி மாதம் 16 ஆயிரத்து 607 உண்டு என்றால், ரொக்கத்துக்குக் கார் வாங்கிவிட்டு அதே பணத்தை மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டால்? அதே ஆறரை சதவீதத்தில் அஞ்சு வருஷத்தில் 11 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் நிற்கிறது. பையன் சொன்ன 11 லட்சத்து 4 ஆயிரத்தைவிட 65 ஆயிரத்துக்குக் குறையாமல் கூடுதல். டெபாசிட் வட்டிக்கு வரி கட்டுகிறவர் என்றால் பிக்சட்டுக்கும் வரி உண்டு, ஆர்.டி.க்கும் உண்டு. ஆக ஒரு லட்சம் லாபம் என்றது வெறும் கண்கட்டு. கடன் வட்டி டெபாசிட் வட்டியைவிட அதிகமாக இருக்கிறவரை கணக்கில் ஜெயிப்பது ரொக்கம்தான்.

அண்ணாச்சிக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "பாத்தியாலே! நாளைக்கே செக்கைக் கிழிச்சுப் போட்டுருவோம்" என்றார்.

மதினி அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "எட்டையும் கொடுத்துப்புட்டு ஐப்பசி மாசம் என்ன செய்வீக?"

இந்த ஊர் வருமானம் அப்படி

இந்தக் கேள்வி தூத்துக்குடிக்காரனுக்குத்தான் புரியும். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்தி எல்லாம் தண்ணீர். தை பிறந்து வெயில் ஏறினால்தான் மறுபடி வேலை. நடுவில் அம்பாரம் போட்டு வைத்திருக்கும் உப்புக்கு விலை கிடைத்தால் உண்டு. கடல்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கரையில் நிற்கும். ஆனால் தவணைக்கு மழைக்காலமும் கிடையாது, தடைக்காலமும் கிடையாது. ஒவ்வொரு மாதமும் 5-ந் தேதி பாங்குக் கணக்கைத் தட்டும். பணம் இல்லாமல் திரும்பினால் அபராதம். கடன் வாங்கினவர்களின் கட்டுப்பாட்டைக் காட்டும் சிபில் மார்க்கும் இறங்கும்.

முத்துக்குளித்த காலத்திலும் இதே கதைதான். பார் விளைந்த வருஷம் கொண்டாட்டம், விளையாத வருஷம் திண்டாட்டம். 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பே நடக்கவில்லை. சங்கு குளிக்கிறவர், வலை இழுக்கிறவர், படகுக்காரர் என்று இந்தக் கரையில் முன்பணம் வாங்காதவர் குறைவு. முன்பணம் கொடுத்தவருக்கே சரக்கையும் போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. வட்டி என்ற பெயர் இல்லாவிட்டாலும் வட்டி அதிலேயே போய்விடும்.

அதற்காக இது கடன் தெரியாத ஊர் அல்ல. 1921-ல் வியாபாரிகள் சேர்ந்து 'நாடார் பேங்க்' என்று ஆரம்பித்தார்களே, 1962-ல் பெயர் மாறி தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்க் ஆனது, இன்றைக்கும் தலைமை அலுவலகம் இங்கேதான். அதற்கும் முன்னால் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டபோது முதலில் எடுத்தது வாடகைக் கப்பல். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கியதும் கப்பல்காரர் கொடுத்த கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் பங்கு 25 ரூபாய் என்று திரட்டி 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. அடுத்தவன் கையில் பிடி இருக்கும் வண்டி என்றால் என்ன என்று இந்தத் துறைமுகத்துக்குத் தெரியும்.

ரொக்கம் எங்கிருந்து வந்த ரொக்கம்?

ஸ்டேஷன் பக்கம் சுற்றுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். "நான் ரொக்கத்துக்கு வாங்கினேன்" என்று மார் தட்டுகிறவர்களில் சிலருக்கு அந்த ரொக்கமே கடன். மனைவி நகை அடகுக்கடையில் இருக்கும். இல்லாவிட்டால் நூற்றுக்கு மூணு வட்டி, அஞ்சு வட்டி என்று தெரிந்தவரிடம் கைமாற்று. மூணு வட்டி என்றால் மாதத்துக்கு. வருஷத்துக்கு 36 சதவீதம்! 9 சதவீத பாங்குக் கடனுக்கு வெட்கப்பட்டு 36 சதவீதத்தில் தலை கொடுப்பது.

அதீத வட்டிக்குத் தடை போட்டு தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி குடும்பமே உயிரை விட்டது. பக்கத்து ஜில்லாவில் நடந்தது, மறந்துவிடவில்லை. அது காருக்கு வாங்கின கடன் இல்லை. ஆனால் வட்டி எதற்கு வாங்கினாய் என்று பார்த்துக் குட்டி போடுவதில்லை.

பாங்குக் கடனிலும் பள்ளம் உண்டு. "வெறும் 6 சதவீதந்தான்" என்பார்கள். 'பிளாட்டா, ரெடியூசிங்கா' என்று ஒரே கேள்வி கேளுங்கள். 8 லட்சத்துக்கு 6 சதவீதம் பிளாட் என்றால் அஞ்சு வருஷமும் முழு 8 லட்சத்துக்கே வட்டி. மொத்தம் 2 லட்சத்து 40 ஆயிரம், மாதம் 17 ஆயிரத்து 333. கட்டக் கட்ட அசல் குறைகிற கணக்கில் பார்த்தால் அது கிட்டத்தட்ட 11 சதவீதம். 9 சதவீதம் என்று நேராகச் சொல்கிறவனைவிட 6 என்கிறவன்தான் காஸ்ட்லி! இந்த ஏமாற்று வேண்டாம் என்றுதான் 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் செலவும் சேர்த்த உண்மை வட்டியை ஒரே தாளில் எழுதிக் கொடுக்க ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, தவணையைச் சின்னதாகக் காட்ட ஏழு வருஷம் என்பார்கள். 9 சதவீதத்துக்கே மாதம் 12 ஆயிரத்து 871-தான். கைக்கு இதம். ஆனால் வட்டி 2 லட்சத்து 81 ஆயிரமாகிவிடும்.

டிசம்பர் வெள்ளம் காட்டியது

2023 டிசம்பர் 17, 18-ந் தேதிகளை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஊருக்குள் நாள் கணக்கில் தண்ணீர். மொட்டை மாடியில் நின்று, கீழே கார் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டது.

அப்படி ஒரு கார் மொத்தமாகப் போனால் என்ன ஆகும்? இதை யாரும் ஷோரூமில் சொல்வதில்லை. இன்சூரன்ஸ் கொடுப்பது நாம் கட்டின 8 லட்சத்துக்கு அல்ல. ஆயுள் வரி, பதிவுச் செலவு அதில் சேராது. ஷோரூம் விலையில் இருந்தும் தேய்மானம் கழியும். ஒரு வருஷம் தாண்டின காருக்கு 20 சதவீதம் கழிவு. 6 லட்சத்து 60 ஆயிரத்தில் அது போக 5 லட்சத்து 28 ஆயிரம். அதுவும் முதலில் போவது கடன் கொடுத்தவனுக்கு. முழு 8 லட்சத்தையும் ஏழு வருஷத் தவணையில் வாங்கியிருந்தால் ஒன்றரை வருஷத்தில் பாக்கி 6 லட்சத்து 68 ஆயிரம் நிற்கும். காரும் போய், இன்சூரன்ஸ் பணமும் போய், கையில் இருந்து இன்னும் 1 லட்சத்து 40 ஆயிரம் கட்ட வேண்டும்! ரொக்கத்துக்கு வாங்கினவருக்கு நஷ்டம் இருந்தாலும் அந்த 5 லட்சத்து 28 ஆயிரம் வீட்டுக்கு வரும்.

தாழ்வான தெருவில் இருப்பவர்கள் இன்ஜின் பாதுகாப்புக்கும், முழு விலை திரும்பக் கிடைப்பதற்கும் தனியாகச் சேர்த்து இன்சூரன்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. பிரீமியம் கொஞ்சம் கூடும். தண்ணீரில் நின்ற வண்டியை மட்டும் 'ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்' என்று சாவி போடக்கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் அதோடு சரி.

சாவியைப் பிடுங்கினால்?

தவணை நின்றால் வழியில் காரை மறித்து, குடும்பத்தை இறக்கிவிட்டு, சாவியைப் பிடுங்கும் ஆட்கள் உண்டு. வசூலுக்கு அடியாள் வைப்பது தப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2007-லேயே கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் பாக்கி கேட்டு போன் செய்யக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. மிரட்டல், அடிதடி என்றால் அது போலீஸ் கேஸ். தயங்காமல் ஸ்டேஷனுக்குப் போகலாம்.

அதே சமயம் ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் ஏறியிருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. நம்ம ஆட்கள் அதை இன்னும் 'எச்.பி.' என்றுதான் சொல்கிறார்கள். கடைசித் தவணை கட்டினதோடு அது தானாக அழியாது. பாங்கில் தடையில்லாச் சான்றும், கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்து நீக்க வேண்டும். கடன் முடிந்து வருஷக்கணக்கில் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, வண்டியை விற்கும்போது அலைகிறவர்கள் ஏராளம்.

அண்ணாச்சி முடிவு

மூன்று ராத்திரி பேச்சு நடந்தது. ஒரு ராத்திரி கோபத்தில் அண்ணாச்சி சாப்பிடாமல்கூடப் படுத்தார்.

கடைசியில் மதினி சொன்னபடிதான் ஆயிற்று. 4 லட்சம் கையில் இருந்து. மீதி 4 லட்சம் பாங்குக் கடன், மூணே வருஷம். 9 சதவீதத்தில் மாதம் 12 ஆயிரத்து 720. மொத்த வட்டி 58 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மிச்சமுள்ள 4 லட்சம் டெபாசிட்டில். முழு ரொக்கம் கொடுத்துவிட்டுத் தவணைப் பணத்தை ஆர்.டி.யில் போடுவதோடு ஒப்பிட்டால் மூணு வருஷத்தில் இவர்களுக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் நஷ்டம். மாதத்துக்கு 550 ரூபாய் என்று வையுங்கள்.

"அது நஷ்டம் இல்ல தம்பி. அந்த நாலு லட்சம் வீட்டுல இருக்குங்கிற தைரியத்துக்குக் கூலி" என்றார் மதினி. மழைக்கால மாதங்களின் தவணைக்கென்று அதிலிருந்து 50 ஆயிரத்தைத் தனியாகவும் பிரித்து வைத்தாயிற்று.

பாங்கில் மிதக்கும் வட்டியா, நிலையான வட்டியா என்று கேட்டார்கள். மிதக்கும் வட்டியையே எடுக்கச் சொன்னேன். காரணம், 2026 ஜனவரி 1-க்குப் பிறகு கொடுக்கும் மிதக்கும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு. உப்புக்கு நல்ல விலை வந்தால் ஒரு பகுதியை மொத்தமாகக் கட்டிவிடலாம். நிலையான வட்டி என்றால் அபராதம் கேட்க இடம் உண்டு.

கடன் பாதி, சொந்தப் பணம் பாதி என்பது அண்ணாச்சி வீட்டுக்குச் சரி. துறைமுகத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவர், வேறு சேமிப்பும் உள்ளவர் என்றால் முழு ரொக்கமே கொடுக்கலாம் என்பேன். டாக்டர், வக்கீல், லாரி புக்கிங் ஆபீஸ்காரர் போல காரைத் தொழிலுக்கு ஓட்டுகிறவர்கள் வட்டியையும், வருஷம் 15 சதவீத தேய்மானத்தையும் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க வழியிருக்கிறது. அவர்கள் ஆடிட்டரைக் கேட்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. பனிமய மாதா கோயில் முன்னால் நிறுத்தி, பிறகு சிவன் கோயில் போய், நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கினார் அண்ணாச்சி. எந்தச் சாமியையும் விடுகிற ஆள் இல்லை.

மதினி சமையல்கட்டுக் காலண்டரில் 5-ந் தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறார். மொபட்டை மட்டும் விற்கவில்லை. உப்பளத்து வரப்புக்குள் கார் போகாதாம்!